பதினாறாவது ரீல்

சினிமா ஆப்பரேட்டர் வேலை என்பது, கொட்டகை முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் கார்பன் குச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. படத்துக்கு வெளிச்சம் தர மெஷினுக்குள் இரண்டு குச்சிகள் நுனியும் நுனியுமாக எரிந்துகொண்டிருக்கும். எரிய எரியத் தேயும்; தேயத் தேய நெருக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கதாநாயகியின் முகம் கறுத்துப்போகும், மணலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் என்னைப் பெற்றவளை விசாரிப்பார்கள். கொட்டகையில் வேலை பார்த்த புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு படத்தை ஐம்பது தடவை ஓட்டியும் அதன் கதை தெரியாமல் இருப்பது எப்படி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் என்னை நம்பத்தான் வேண்டும்.

நாற்பதுகளில் ஏழெட்டு வருஷம் தூத்துக்குடிக் கரையில் ஒரு டூரிங் டாக்கீஸில் இந்த வேலை பார்த்தேன். திரேஸ்புரத்துக்கு வடக்கே உப்பளங்களை ஒட்டிய பொட்டலில் ஆறு மாதம் கொட்டகை போடுவோம். லைசென்ஸ் முடிந்ததும் பிரித்து மூட்டை கட்டிக்கொண்டு வேம்பார்ப் பக்கம் போவோம். மறுபடியும் திரும்பி வருவோம். அந்த ஏழெட்டு வருஷத்தில் தமிழ் சினிமா கைலாசத்திலிருந்து இறங்கி, கிராமத்துக்குள் நுழைந்து, ரயிலேறிப் பட்டணம் போய்ச் சேர்ந்தது. நான் அதே முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தன் மட்டும் அதன் பின்னாலேயே போய்விட்டான். அவனை அனுப்பி வைத்தது நான்தான் என்பதைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

பத்து மணி உத்தரவு

யுத்த காலம். துறைமுக ஊர் என்பதால் கடற்கரையில் வெளிச்சம் தெரியக் கூடாது என்று கெடுபிடி. ஒருநாள் ஏட்டையா வந்து, பத்து மணிக்கு மேல் கொட்டகையில் ஒரு பொட்டு வெளிச்சம் இருந்தாலும் லைசென்ஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, ரீலை மாற்றி, அதற்குள் முறுக்கு விற்கிறவன் ஒரு சுற்று சுற்றி வந்து, பிறகுதான் அடுத்த ரீல். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிக்குப் பதினைந்து ரீல்தான் ஓட்ட முடியும். பிலிம் தட்டுப்பாட்டுக் காலம் வேறு. சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் பழைய சாமிப் படங்கள். அவையோ பதினாறு ரீல்.

எங்கள் முதலாளி கருப்பட்டி மண்டிக்காரர். கடைசி ரீலில் என்ன வருகிறது என்று என்னைக் கேட்டார். சாமி வரும், வரம் கொடுக்கும், கல்யாணம் நடக்கும், மங்களம் பாடுவார்கள் என்றேன். அப்படியானால் அது இல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அந்த நிமிஷமே அதை நிறுத்திவிட்டார். ஆனால் படம் முடிந்தது ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே. என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஒரு கண்ணாடித் துண்டில் கறுப்பு மையால் ‘சுபம்’ என்று எழுதி, இரண்டு பக்கமும் பூப் போட்டுக் கொடுத்தேன். பதினைந்தாவது ரீல் முடிந்ததும் அந்த ஸ்லைடைக் காட்டுவோம், ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள்.

முதல்நாள் எனக்குப் பயம்தான். கல்லெறி விழும் என்று மெஷின் ரூம் கதவைத் தாழ்போட்டுக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், படத்தின் கடைசியில் ஏதாவது விட்டுப்போனது போலத் தெரிந்ததா என்று மெல்ல விசாரித்தேன். அவர் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: “கடைசில சாமி வரும், எல்லாருக்கும் நல்லது செய்யும். அது நமக்குத் தெரிஞ்சதுதானலே, அதுக்கு எதுக்கு உக்காந்து கெடக்கணும்? வெள்ளன கடலுக்குப் போவாண்டாமா?”

பாடிக்கொண்டே மீன் பிடித்தவன்

யுத்தம் முடிந்தது. சாமிகள் மெதுவாகக் கிளம்பிப் போனார்கள். அவர்கள் இடத்தில் ‘சமூகப் படம்’ என்று ஒன்று வந்தது. அதுவரை திரையில் அரண்மனை இருக்கும், காடு இருக்கும். எங்கள் ஜனங்களில் யாரும் இரண்டிலும் குடியிருந்ததில்லை என்பதால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இப்போது குடிசை வந்தது, மாடு வந்தது, ஏர் வந்தது. எல்லாவற்றையும் ஜனங்கள் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு படத்தில் கதாநாயகனின் அப்பா மீன் பிடிக்கிறவர். இந்தக் காட்சி வருகிறது என்று நோட்டீஸில் போட்டு, மாட்டு வண்டியில் கொட்டடித்துக்கொண்டு திரேஸ்புரம் முழுக்கச் சுற்றினோம். கொட்டகை நிரம்பிவிட்டது. திரையில் அவர் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் முடி கலையாமல், ஆடாத அசையாத தண்ணீரில் தோணியில் நின்றுகொண்டு, உலகம் ஒரு கடல் என்று முழுசாக ஒரு பாட்டுப் பாடினார். பாட்டு முடிந்ததும் வலையை இழுத்தார். வலை நிறைய மீன். கொட்டகையில் சிரிப்பு ஆரம்பித்து, அடுத்த ரீல் போட்ட பிறகும் அடங்கவில்லை.

சொந்தமாகத் தோணி வைத்திருக்கிற சம்மாட்டி ஒருவர் மட்டும் சிரிக்கவே இல்லை. அவருடைய மகன் முந்தின வருஷம் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். வெளியே போகும்போது என் பக்கம் வந்து நின்று, சண்டைக்கு வருகிற குரலில் இல்லாமல், விஷயத்தைத் தெரிவிக்கிற குரலில் சொன்னார்: “அவனுக்கு மீன் வேண்டாம் போல, ஆப்பரேட்டரு. வேணும்னா வாயை மூடிக்கிட்டுத் தண்ணியப் பாத்திருப்பான்.”

ஸ்டுடியோவின் பின்பக்கம்

படப்பெட்டியோடு சில சமயம் சென்னையிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் வருவார். ‘ரெப்ரசென்டேட்டிவ்’ என்று பெயர். எத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. எத்தனை ரீல் ஓடியது என்பது அவர் வேலையில்லை. ஒன்பது மணிக்கே லாட்ஜுக்குத் தூங்கப் போய்விடுவார். வந்தவர்களில் ஒருவர் நல்ல மனிதர், பேச்சுக்காரர். எனக்குச் சிகரெட் கொடுப்பார்.

அவரிடம் அந்த மீன் பிடிக்கிற காட்சியைப் பற்றிக் கேட்டேன். ஸ்டுடியோவின் பின்பக்கம் தொட்டி கட்டி எடுத்தது என்றார். குடிசைகள்? சாக்குத் துணியில் சாந்து பூசியது. வயல்? துணியில் எழுதியது, முன்னால் மட்டும் நாலு வரிசை நிஜ நாற்று. அந்த மாட்டையாவது எங்காவது கிராமத்திலிருந்து பிடித்து வந்தீர்களா என்றால், அது பக்கத்துத் தெருப் பால்காரருடையதாம். எங்கள் கரைப் பக்கத்திலேயே இத்தனை கடலும் இத்தனை குடிசையும் சும்மா கிடக்கிறதே, இங்கே வந்து எடுக்கக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, என் அறியாமைக்காக வருத்தப்படுகிற மாதிரி தோளைத் தட்டினார்: “கிராமத்துல போய் எடுத்தா கிராமம் மாதிரி வராது சார்.”

பசுமையான ஊர்

அந்தச் சமயத்தில் வந்த படங்களில் பாதிக்கு ஒரே கதை. கிராமம் சொர்க்கம், பட்டணம் நரகம். பட்டணத்தில் டிராம் ஓடும், பெண்கள் கை வைக்காத ரவிக்கை போடுவார்கள், எல்லாரும் குடிப்பார்கள், கதாநாயகன் கெட்டுப்போவான். கிராமத்தில் தென்னை, வாழை, வாய்க்காலில் தண்ணீர், வேலையில்லாமல் பாடிக்கொண்டிருக்கிற நல்லவர்கள். எப்போதாவது இந்திப் படம் வரும். அதிலும் இதுவேதான், ரயில் மட்டும் வேறு. கிராமத்தை விட்டுப் போகாதே என்று பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதினார்கள். அதை நாங்கள் உப்பளத்து நடுவில் நின்று காட்டினோம். சுற்றிலும் பார்த்தால் உப்பும் உடைமரமும் பனையும். வாழை இலையைக் கல்யாணத்தில்தான் பார்க்கலாம்.

அப்படி ஒரு படம் முடிந்து, ‘சுபம்’ போட்டு, கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. உப்பளத்தில் ஓலைப் பெட்டியில் உப்புச் சுமக்கிற பெண்கள் ஐந்தாறு பேர் போகாமல் மெஷின் ரூம் பக்கம் ஒதுங்கி நின்றார்கள். உப்புத் தண்ணீர் தின்ற பாதங்கள். வெடிப்புகளில் விளக்கெண்ணெய் தடவியிருந்தார்கள். தங்களுக்குள் கொஞ்ச நேரம் நீ கேள், நீ கேள் என்று தள்ளிக்கொண்டு, கடைசியில் மூத்தவள் முன்னால் வந்தாள். கிராமத்தை விட்டுப் போகாதே என்று அவ்வளவு நேரம் புத்தி சொன்ன படத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது இது: “அண்ணாச்சி, இந்த ஊரு எங்கன இருக்கு? அங்க கூலிக்கு ஆள் எடுப்பாவளா?”

திருகினால் தண்ணீர்

என் தங்கை பேச்சி. அவள் புருஷன் லிங்கம் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்து இருபத்தெட்டு வயதிலேயே கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பேசுவான். குடி கிடையாது, வம்பு கிடையாது. எனக்குச் சொந்தம் என்பதால் அவனுக்கு டிக்கெட் கிடையாது. தினமும் வந்து முன்வரிசை மணலில் உட்கார்ந்துகொள்வான். படிக்கத் தெரியாது. ‘சுபம்’ என்ற மூன்று எழுத்தை மட்டும் என் ஸ்லைடைப் பார்த்தே கற்றுக்கொண்டான். அது என் கையெழுத்து என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை.

நான் சொல்ல வந்த படம் அப்போதுதான் வந்தது. கிராமத்தான் ஒருவன் பெண்டாட்டியை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகிறான். ஒரு பணக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்து, பொய் சொல்லி, மேலே மேலே போகிறான். பதினைந்தாவது ரீலின் முடிவில் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு பங்களா மாடிப்படியில் நின்று கீழே பார்த்துச் சிரிப்பான். அந்த வீட்டில் ஒரு குழாய் இருந்தது. திருகினால் தண்ணீர் கொட்டும். அவன் முகம் கழுவிவிட்டு, குழாயை மூடாமலே போவான். லிங்கம் ஏழு நாள் அதைப் பார்த்தான். பேச்சி தினமும் இரண்டு மைல் போய்க் குடிதண்ணீர் சுமந்து வருகிறவள்.

இருட்டடிப்பு உத்தரவு போய் எவ்வளவோ நாளாகியிருந்தது. ஆனால் பழக்கம் போகவில்லை. பதினைந்து முடிந்ததுமே ஜனங்கள் தாங்களாகவே பாயைச் சுருட்டினார்கள். கார்பன் மிச்சம் என்று முதலாளியும் இருந்துவிட்டார். பதினாறாவது ரீல் வந்த டப்பாவைத் திறக்காமலே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். சாமிப் படத்தில் அது சரி. எல்லாருக்கும் முடிவு தெரியும். இந்த மாதிரிப் படத்துக்கு முடிவு என்று தனியாக ஒன்று இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எட்டாம் நாள் லிங்கம் தகரப் பெட்டியோடு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். பட்டணத்தில் போய் என்ன செய்வாய், படத்திலேயே அவன் கெட்ட வழியில்தானே போகிறான், அது உனக்கு உறைக்கவில்லையா என்று திட்டினேன். அவன் கோபப்படாமல், எனக்கே விளங்காத ஒன்றை எனக்கு விளக்குகிறவன் மாதிரி சொன்னான்: “கெட்டவனா இருந்தா கடைசில அழுவான்ல மச்சான். இவன் சிரிச்சிக்கிட்டுல்லா நிக்கான். அதுக்குப் பொறவு நீங்களே சுபம்னும் போட்டுட்டீய.”

வேம்பார் பஸ்

கொட்டகை வேம்பாருக்கு மாறியது. கடற்கரை ரோட்டில் தூத்துக்குடிக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் எனக்குச் சினேகிதன். யுத்த காலத்தில் கரி வாயுவில் ஓடிக்கொண்டிருந்த பஸ் இப்போது பெட்ரோலுக்கு மாறியிருந்தது என்பதைத் தவிர அவனுக்கு உலகத்தில் சந்தோஷமான விஷயம் ஒன்றும் இல்லை. காலையில் டீக்கடையில் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வருத்தப்படுவோம்.

பட்டணத்துக் கதை ஓடுகிற வாரங்களில் தன் பஸ்ஸில் தகரப் பெட்டிகள் அதிகமாக ஏறுகின்றன என்று அவன் கணக்காகச் சொன்னான். பட்டணம் மோசம் என்று சொல்லுகிற படமானாலும் சரி, நல்லது என்று சொல்லுகிற படமானாலும் சரி, பெட்டி ஏறத்தான் செய்கிறதாம். நான் லிங்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. யாரையோ பிடித்து எழுதச் சொல்லி இரண்டு கடிதம் போட்டிருந்தான். முதல் கடிதத்தில், சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாகவும், தெருக் குழாயைத் திருகினால் நிஜமாகவே தண்ணீர் வருகிறது, ஆனால் விடிகாலையில் ஒரு மணி நேரம் மட்டும் என்றும் இருந்தது. இரண்டாவதில், இருக்கிற இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள், புது விலாசம் எழுதுகிறேன் என்று இருந்தது. அதோடு சரி. கண்டக்டர் டீ தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான்: “நீரு ஏத்தி விடுதீரு, நான் கொண்டுபோய் எறக்கி விடுதேன். திரும்பி வாரவனுக்குத்தான் நம்ம ரெண்டு பேருகிட்டயும் வண்டி இல்ல.”

வாத்தியாரின் பாராட்டு

சாயர்புரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வேம்பாரில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். சினிமா பாவம் என்று நினைக்கிற குடும்பம். இவர் மட்டும் நல்ல கருத்துள்ள படங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பார். நான் ஆப்பரேட்டர் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எந்தப் படத்தைப் பற்றிப் பேச வருகிறார் என்று பார்த்தால், லிங்கம் பார்த்த அதே படம். அவர் அதை மதுரையில், இரண்டு மெஷின் வைத்திருக்கிற பெரிய தியேட்டரில் பார்த்திருந்தார்.

மாடிப்படியில் நின்று சிரிக்கிறானே, அதற்கு அடுத்த காட்சியில் போலீஸ் வருமாம். பணக்காரர் எல்லாப் பழியையும் இவன் தலையில் போட்டுவிடுவாராம். ஜெயிலில் கிடந்து, கோட்டும் போய், சட்டையும் கிழிந்து, கால்நடையாகவே ஊருக்கு வருவானாம். வாசலில் நிற்கிற பெண்டாட்டி காலில் விழுந்து அழுவானாம். வாத்தியார் சொல்லச் சொல்ல எனக்குக் காதில், கொட்டகைக்கு மின்சாரம் தருகிற எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஏழு நாள் அந்த ரீல் என் காலடியில் டப்பாவுக்குள் இருந்தது. திறந்து மாட்டியிருந்தால் பத்து நிமிஷம். ஏழு நாளில் ஒரு நாளாவது மாட்டியிருக்கலாம்.

அன்று மத்தியானமே லிங்கத்துக்கு, எனக்குத் தெரிந்த பழைய விலாசத்துக்கு, கடிதம் எழுதினேன். படத்தின் கடைசி ரீல் நீ பார்க்காதது, அதில் அவன் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பி விடுகிறான், நீயும் வந்துவிடு என்று எழுதினேன். மூன்று வாரத்தில், அப்படி ஆள் இல்லை என்று தபால்காரர் எழுதி அது திரும்பி வந்தது. இதெல்லாம் தெரியாத வாத்தியார் அன்றைக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, உள்ளபடியே மனம் நிறைந்து சொன்னார்: “ஜனங்களுக்கு இப்படி ஒரு நல்ல புத்தியைக் காட்டுறதுக்கு உமக்குக் கொடுத்து வச்சிருக்கு. அந்தக் கடைசிக் கட்டத்துக்காகவேதான் அவ்வளவு பெரிய படத்தை எடுத்திருக்காங்க.”

துடைப்பம் பிடித்த டவுன்காரர்

சுதந்திரம் வந்ததும் சினிமா இன்னொரு தடவை புரண்டு படுத்தது. கிராமம் சொர்க்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களே, கிராமம் அழுக்கு, அறியாமை, மூடநம்பிக்கை என்று ஆரம்பித்தார்கள். நாங்கள் ஒரே கொட்டகையில் வைகாசியில் சொர்க்கமாக இருந்து, ஆவணியில் குப்பைமேடு ஆனோம். இந்தப் படங்களில் பட்டணத்திலிருந்து கதர் ஜிப்பா போட்ட படித்த வாலிபர் ஒருவர் வருவார். ஜனங்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். தானே துடைப்பத்தை எடுத்துத் தெருவைக் கூட்டுவார். கிராமத்தார் எல்லாரும் கண்ணீர் விட்டுத் திருந்துவார்கள்.

கொட்டகை திரேஸ்புரம் பக்கம் திரும்பி வந்திருந்த சமயம் அது. கருவாடு காயப்போடுகிற ஒரு பெண், எல்லாரும் பார்க்கக் கூடிய இடத்தில் எழுந்து நின்றுகொண்டு, திரையில் கூட்டிக்கொண்டிருந்தவரையே பார்த்துப் பேசினாள். நாங்கள் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. “ஐயா வந்து சொல்லித்தான் நாங்க தெருவைக் கூட்டணுமாக்கும். அந்தத் தொடைப்பத்தை இங்கன வச்சிட்டு, ஒரு தண்ணிக் கொழாயைப் போட்டுட்டுப் போவச் சொல்லுங்க.”

வெயிலில் பார்த்த படம்

அந்தப் படம் மறுபடியும் எங்களிடம் வந்தது. லிங்கம் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கடைசி ரீல் விஷயத்தை நான் பேச்சியிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். ஆனால் வேறு ஊரில் முழுப் படத்தையும் பார்த்த யாரோ உப்பளத்தில் அவளிடம் சொல்லிவிட்டார்கள். முற்பகல் நேரம். நான் தனியாக உட்கார்ந்து ரீல்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் ஊருக்கு வருகிற அந்த இடத்தைத் தனக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்றாள்.

பகலில் படம் ஓட்ட முடியாது, கூரையெல்லாம் ஓட்டை, எஞ்சின்காரனும் இல்லை, சாயங்காலம் வா என்றேன். ஊரார் நடுவில் உட்கார்ந்து அதைப் பார்க்க மாட்டேன் என்றாள். அந்த ரீலைக் கையிலாவது கொடு என்றாள். பதினாறாவது டப்பாவைத் திறந்தேன். மற்ற பதினைந்து ரீலும் ஓடி ஓடிக் கோடு விழுந்து, திரையில் மழை பெய்கிற மாதிரி ஆகியிருந்தன. இது புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. எங்களைப் போல இன்னும் எத்தனை கொட்டகையில் இதைத் திறக்காமல் விட்டார்களோ. எத்தனை லிங்கம் போனார்களோ.

கொட்டகைக்கு வெளியே வந்து, போலீஸும் ஜெயிலும் தாண்டுகிற வரைக்கும் பிலிமை நீளமாக இழுத்து, ஓரத்தைப் பிடித்துக்கொள் என்று சொல்லி வெயிலுக்கு நேரே காட்டினேன். தபால்தலை அளவில் ஒவ்வொரு படமாக வரிசையாகத் தெரிந்தது. ஒற்றையடிப் பாதை, ஒரு முள்வேலி, கிழிந்த சட்டையோடு ஒருவன். இதோ வருகிறான் பார் என்றேன். வீட்டு வாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அது இன்னும் தள்ளி, ரீலின் அடியில் இருக்கும் என்றேன். அவசரப்படவில்லை அவள். உப்பில் வெடித்த விரல்களால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு கை நீளம் பார்த்தாள். விட்டுவிட்டு அடுத்த கை நீளம் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் பார்த்தது எனக்கு லிங்கத்தையே பார்ப்பது போல இருந்தது. மெஷினில் மாட்டினால்தான் அவன் நடப்பான் என்று அவளுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பிலிமை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “நானும் எம்புட்டு நேரமாப் பாக்கேன் அண்ணே. எல்லாத்துலயும் அதே வேலிகிட்டத்தான் நிக்காவ. ஒரு எட்டுகூட எடுத்து வைக்கலையே.”

லிங்கம் வரவில்லை, அன்று முதல் அந்த வேலையை விடுகிற வரைக்கும் முதலாளியோடு சண்டை போட்டாவது ஒவ்வொரு படத்திலும் கடைசி ரீலை நான் ஓட்டாமல் விட்டதில்லை, அதைப் பார்க்கத்தான் கொட்டகையில் ஒரு ஆளும் இருந்ததில்லை.